பேரம் பேசாத வாத்தியார்

சிதம்பரம் கீழவீதியில் ஒரு மளிகைக் கடை. சுப்புரத்தினம் வாத்தியார் மாதச் சாமான்களைப் பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். கடைக்காரர் கலியமூர்த்தி நோட்டைத் தொடவில்லை. பொட்டலங்களைத் தம் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார்.

“சில்லறையா குடுங்க சார். நூறு ரூபா நோட்டு வாணாம்.”

“ஏன், கள்ள நோட்டா இது?”

“நல்ல நோட்டுதான். ஆயிரத்தச் செல்லாதுன்னுட்டான் இல்ல? அடுத்தது நூறுதான்னு பேசிக்கிறாங்க. எனக்கு எதுக்கு சார் வம்பு?”

1946ஆம் வருஷத்துப் பொங்கல் வாரம் அது. ஐந்நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகள் செல்லாது என்று சர்க்கார் அறிவித்து நான்கு நாள் ஆகியிருந்தது. யுத்த காலத்தில் அரிசியைப் பதுக்கிக் கொழுத்தவர்களைப் பிடிக்கத்தான் அந்தச் சட்டம். அவர்கள் எப்படியோ தப்பித்துக்கொண்டார்கள். பயம் மட்டும் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

வாத்தியார் பேப்பர் படிக்கிறவர். நூறு ரூபாய் நோட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று அச்சில் போட்டிருந்ததை அன்று காலைதான் இரண்டு தடவை படித்திருந்தார். என்ன பிரயோசனம்? அவர் மளிகைக் கடைக்காரரைத்தான் நம்பினார். அடுத்து ஒரு ஜவுளிக் கடைக்குப் போனார். எண்பது ரூபாய்க்குத் துணி எடுத்துக்கொண்டு நூறைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். இன்னும் இரண்டு நாள் போனால் எழுபதுதான் என்றும் பயமுறுத்தினார்கள். மூன்று வருஷம் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பித் தீர்த்தார்.

மறுநாள் காலை வாசலில் பொன்னி வந்து நின்றாள். அந்தத் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள். கையில் பசுவின் கயிறு, பின்னால் கன்று. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசிய நீலச் சாயம் இன்னும் உதிரவில்லை.

“வாத்தியாரய்யா, மாட்டக் குடுத்துடறேன். வாங்கிக்குங்கய்யா. எங்க வூட்டுக்காரரு கடலூர் ஆஸ்பத்திரியில கெடக்கறாரு.”

அவள் புருஷன் அய்யனார், காட்டுமன்னார்கோயில் நெல் மில்லில் வண்டி ஓட்டுகிறவன். பாரம் ஏற்றிய வண்டிச் சக்கரம் பாதத்தில் ஏறிக் காயம் சீழ் பிடித்துவிட்டது.

“பென்சிலினுன்னு புதுசா ஒரு ஊசி வந்திருக்காம். பத்து ஊசி போட்டா காலக் காப்பாத்திடலாம்னு டாக்டரு சொல்றாரு. வெளியிலதான் வாங்கணுமாம். சந்தையில எழுவதுதான் கேக்கறாங்கய்யா. தொண்ணூறு குடுத்தீங்கன்னா ஒங்க புள்ளகுட்டி நல்லா இருக்கும்.”

வாத்தியார் பசுவின் பல்லைப் பார்க்கவில்லை. மடியைப் பார்க்கவில்லை. எத்தனை படி கறக்கும் என்றுகூடக் கேட்கவில்லை.

“தொண்ணூறு என்னா, நூறாவே வச்சுக்க பொன்னி. கஷ்டத்துல இருக்கறவகிட்ட பேரம் பேசுவாங்களா?”

பொன்னி அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டாள். வாத்தியார் நோட்டை எடுக்க உள்ளே போனபோது அவர் மனைவி லலிதாம்பாள் வழி மறித்தாள்.

“ஒருத்தரும் வாங்கமாட்டேங்கறாங்கன்னு நேத்து பொலம்பினீங்களே, அந்த நோட்டா?”

“அதுக்கு என்னா? செல்ற நோட்டுதான். பேப்பர்லயே போட்டிருக்கான்.”

பார்த்தீர்களா? முந்தின நாள் அவருக்கு நம்பிக்கை தராத பேப்பர், பொன்னிக்குக் கொடுக்கும்போது மட்டும் சத்திய வாக்காகிவிட்டது.

தெருவில் அவருக்கு நல்ல பெயர். எழுபது ரூபாய் மாட்டுக்கு நூறு கொடுத்த தர்மவான் என்றார்கள். இரண்டு வாரத்தில் வதந்தி அடங்கிப்போய், எல்லாக் கடையிலும் நூறு ரூபாய் நோட்டைப் பழையபடி வாங்க ஆரம்பித்தார்கள். அப்போது வாத்தியாருக்கு ஒரு வருத்தம் வந்தது. அவசரப்பட்டு முப்பது ரூபாய் அதிகமாகக் கொடுத்துவிட்டோமே என்கிற வருத்தம்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் வாசலில் ஒற்றை மாட்டு வண்டி வந்து நின்றது. பொன்னி இறங்கி, புருஷனைக் கைத்தாங்கலாக இறக்கினாள். அய்யனாரின் இரண்டு கக்கத்திலும் கட்டை. வலது கால் முழங்காலுக்கு மேலேயே முடிந்திருந்தது.

“என்னா பொன்னி இது? ஊசி போடலியா?”

“நாலு ஊசிதான்யா வாங்க முடிஞ்சுது. கடலூர்ல மருந்துக் கடைக்காரரு நோட்டப் பாத்ததுமே வாணாம்னுட்டாரு. நாலு கடை ஏறி எறங்கினேன். ரெண்டு நாளு வீணாப் போச்சு. கடைசியில ஒருத்தரு நாப்பத்தஞ்சு குடுத்து வாங்கிக்கிட்டாரு. நீங்க மவராசன், முழுசா நூறு குடுத்தீங்க. மாத்தத் தெரியாத முண்டம் நானு. இனிமே இவரால வண்டி ஓட்ட முடியாது. ஒங்க பள்ளிக்கூடத்துல வாட்ச்மேன் வேலை எதுனா வாங்கிக் குடுங்கய்யா.”

அவள் திட்டியிருந்தால் வாத்தியார் தாங்கியிருப்பார். அவள் வாழ்த்தினாள். அய்யனார் மட்டும் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தான்.

“ஐயா, ஒண்ணு கேக்கறேன். அந்த நோட்ட எங்களுக்குக் குடுக்கறதுக்கு மின்ன, நீங்க எந்தக் கடையிலயாவது நீட்டிப் பாத்தீங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். லலிதாம்பாள் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பாத்தேன்” என்றார் வாத்தியார். “ஒருத்தரும் வாங்கல. அதனாலதான் ஒங்களுக்குக் குடுத்தேன்.”

பொன்னி வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்தியார் உள்ளே ஓடி நூறில் குறைந்துபோன ஐம்பத்தைந்து ரூபாயைச் சின்ன நோட்டுகளாகக் கொண்டு வந்தார்.

“நான் பாவிடா அய்யனாரு. இத வாங்கிக்க. வேலைக்கும் சொல்றேன்.”

“வாங்கிக்க பொன்னி. அது நம்ம மாட்டுக் காசு” என்றான் அய்யனார். பிறகு கட்டையை ஊன்றி வண்டிப் பக்கம் திரும்பினான்.

“காலுக்கு நீங்க ஒண்ணும் குடுக்க முடியாதுய்யா. வேலையும் நானே தேடிக்கிறேன். ஒண்ணு மட்டும் செய்ங்க. நாம வச்சுக்கப் பயப்படற ஒண்ண, வெவரம் தெரியாத ஏழை தலையில கட்டறது திருட்டவிடப் பெரிய பாவம்னு நாளைக்கே ஒங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க. கணக்குப் பாடம் அதுக்கப்பறம் நடத்தலாம்.”