ரெண்டு சீற்றுக் கார்

தவராசாவின் இடது கை மடங்க மறுத்தது. கஜானன் சட்டைக் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டான். அதற்கு மேல் துணி நகரவில்லை. பிணவறைக் குளிரில் அண்ணனின் தோல் மெழுகு பூசியதுபோல வழுக்கியது.

"முதுகுப் பக்கத்தைக் கத்தரித்துவிடலாம்," என்றான் வீரென். "நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அப்படித்தான் உடுத்திவிடுவோம். முன்னால் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது."

வீரென் மொரீசியஸ்காரன். பூட்டன் காலத்தில் தாங்கள் தமிழர்களாக இருந்ததாகச் சொல்லிக்கொள்வான், பேச்சு இத்தாலிய மொழியில்தான். அண்ணனுக்குத் தெரிந்த ஒருவன் என்ற அளவில்தான் கஜானன் அவனை அறிவான். காலையில் கேட்காமலே ஆஸ்பத்திரிக்கு வந்து, கையுறையை மாட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றுவிட்டான்.

சட்டை அண்ணி வாங்கி அனுப்பிய புதுச் சட்டை. வீரென் கத்தரிக்கோலைக் கொலர்வரை விட்டு வெட்டினான். இரண்டு பாதியையும் ஆளுக்கொரு பக்கமாக மாட்டி, ஓரங்களை முதுகுக்கடியில் செருகினார்கள். வேட்டியைச் சுற்றும்போது வீரென் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"ஸ்டியரிங் என் வீட்டில் இருக்கிறது. அதை என்ன செய்ய?"

"என்ன ஸ்டியரிங்?"

"காருக்கு. மரவளையம் போட்டது. நானும் அவரும் கத்தானியா நகரம் வரை போய் எடுத்து வந்தோம்."

கஜானன் வேட்டி மடிப்பைப் பிடித்தபடி நின்றான்.

"வியாழக்கிழமைப் பின்னேரங்களில் போவோம்," என்றான் வீரென். "உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார். தம்பி கனடாவுக்குப் போகிறவன், அவனை நம்பி எதையும் தொடங்க முடியாது என்றார். அவருக்கும் எனக்குமாக இரண்டு சீற். சிவப்பு நிறம்."

"பச்சை," என்றான் கஜானன்.

"என்ன?"

"ஒன்றுமில்லை. காலைத் தூக்குங்கள்."

அந்தக் கார் லிபெர்த்தா வீதியில் தவராசா வேலை செய்த வீட்டிலிருந்து வந்தது. அறுபதுகளில் செய்த ஆங்கிலேயக் கார், ஹெரால்ட். வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் கணவர் இறந்தபின் நிலவறையில் கிடந்தது. இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று அவள் சொன்னபோது, தவராசாவுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். இத்தாலிக்கு வந்து படிக்கட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். மேலுடல் கையை வைத்தால் உதிரும் அளவுக்குத் துருவேறியிருந்தது. ஆனால் அடிச்சட்டமான சேசிஸ் பழுதில்லை. மற்றக் கார்களைப் போல உடலும் சேசிஸும் ஒன்றாக அமைந்ததில்லை அது; போல்ட்டுகளைக் கழற்றினால் மேலுடல் தனியாக வந்துவிடும். இங்கிலாந்தில் ஒரு கம்பனி பைபர்கிளாஸில் மேலுடல் செய்து பெட்டி பெட்டியாக அனுப்பும் என்றும், அதைப் பூட்டினால் முப்பதுகளில் ஓடிய கார்போல நீண்ட மூக்கும் வெளியே துருத்திய விளக்குகளும் பின்னால் ஒரு ஸ்பெயர் சில்லுமாக நிற்கும் என்றும் தவராசா அறிந்துவைத்திருந்தார்.

சீசாப் பகுதியில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி காஸ்பரே என்றொருவன் தகரவேலைப் பட்டறை வைத்திருந்தான். அவனுடைய முற்றத்தில் சேசிஸை இறக்கினார்கள். ஒவ்வொரு ஞாயிறு காலையும் கஜானன் அங்கே போய்க் கம்பித் தூரிகையால் துரு சுரண்டுவான். அண்ணன் சிமெந்துத் தரையில் காரை உள்ள அளவிலேயே சோக்கால் கீறுவார். அந்தக் கோடுகளுக்குள், பல்லரோச் சந்தையில் பொறுக்கிவந்த இரண்டு மரப்பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, "இரு, பாப்பம்" என்பார். கஜானன் உட்கார்ந்து காலை நீட்டுவான்.

"உன்ரை காலுக்கு இது காணாது. சீற்றைப் பின்னாலை தள்ளுவம்."

பிறகு தானும் பக்கத்துப் பெட்டியில் உட்காருவார். இல்லாத கியரை மாற்றி, இல்லாத வளைவுகளில் சாய்ந்து, இருவரும் மொன்டெல்லோக் கடற்கரைவரை போய்வருவார்கள். வீட்டில் அதிகம் பேசாத மனிதர் அந்தப் பெட்டியில் இருந்தால் பேசிக்கொண்டே இருப்பார்.

அந்த வருடம்தான் கனடாப் பேச்சு வந்தது. சிவமலர் தூரத்துச் சொந்தம், ரொறன்ரோவில் இருந்தாள். பெண் வீட்டார் சம்மதித்து, ஸ்பொன்சர் செய்யத் தயாராக இருந்தார்கள். தொலைபேசியில் அவள் குரலைக் கேட்கக் கஜானனுக்குப் பிடித்திருந்தது. வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில், கட்டிடத்தின் எத்தனையாவது மாடியில் அவள் இருக்கிறாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வருவான். தவராசா மறிக்கவில்லை. பட்டறை முற்றத்தில் மரப்பெட்டியில் இருந்தபடி, "நீ போ. போகத்தானே வேணும்," என்றார். பிறகு பக்கத்துப் பெட்டியைக் கையால் தட்டினார். "இதிலை இனி ஆர் இருக்கிறது எண்டுதான் யோசிக்கிறன். எனக்கு வேறை ஆர் இருக்கினம்."

கஜானன் ஒரு வருடம் பொறுக்கும்படி சிவமலரிடம் சொன்னான். அவள் பொறுத்தாள். அடுத்த வருடமும் பொறுக்கச் சொன்னான். பின்னர் அவளுடைய கலியாணப் படம் யாரோ ஒருவர் வீட்டு அல்பத்தில் அவன் கண்ணில் பட்டது.

பிணவறையை ஒட்டிய முற்றத்தில் ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். இராஜநாயகம் மாலையோடு வந்தார். அங்குள்ள தமிழ் ஆட்களின் நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னுக்கு நிற்கிற வயதான மனிதர். கஜானனின் கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிப்போனார்.

"தம்பி, இது இப்ப கதைக்கிற விசயமில்லை. பிறகு மறந்திடுவன் எண்டுதான் சொல்லுறன். அண்ணற்றை காருக்கு வாங்கின ரெண்டு லைற் என்ரை கட்டிலுக்குக் கீழை கிடக்கு."

கஜானன் அவர் முகத்தையே பார்த்தான்.

"நீங்கள் பட்டறைக்கு எப்ப போறனீங்கள்?"

"ஞாயிறு பின்னேரத்திலை. உமக்குச் சொல்ல வேண்டாமெண்டவர். தம்பிக்கு உதிலை விருப்பமில்லை, அவன்ரை யோசினையெல்லாம் கனடா எண்டவர்." பெரியவரின் வாய் கோணியது. "என்ரை முழங்கால் மடங்காது எண்டு சீற்றை உயர்த்தி வைப்பமெண்டு சொன்ன மனுசன். ஆரப்பா எனக்கு அப்பிடிப் பாத்துச் செய்யினம்?"

அவர் அழத் தொடங்கினார். கஜானன் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

காஸ்பரே துவைத்த கோட்டுப் போட்டு, நகங்களில் கறுப்பு மாறாமல், வாசல் கம்பிக்கு வெளியே நின்று புகைத்துக்கொண்டிருந்தான். கஜானன் நேரே அவனிடம் போனான்.

"உன் பட்டறைக்கு அவரோடு எத்தனை பேர் வருவார்கள்?"

காஸ்பரே சிகரெட்டைக் கீழே போட்டான். "உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், ஒருவரை வைத்துக் கீறிய சோக்கைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் அடுத்தவரைக் கூட்டிவருவார். எனக்கு விளங்கிவிட்டது."

"ஏன் சொல்லவில்லை?"

"அது என் வேலையா?" காஸ்பரே வாசலைப் பார்த்தான். "இன்னொன்றும் இருக்கிறது. இந்த நாட்டில் அப்படி உடல் மாற்றிய காருக்கு நம்பர் பிளேட் தரமாட்டார்கள். முதல் வருடமே விசாரித்துச் சொன்னேன். தெரியும் என்றார். ஆட்களிடம் சொல்லாதே என்றார். அவ்வளவுதான்."

"முதல் வருடமா?"

"சேசிஸ் வந்து இறங்கிய கொஞ்சநாளில்."

கனடாப் பேச்சு அதற்குப் பிறகுதான். கஜானன் மனதுக்குள் அதை இன்னொரு தடவை வரிசைப்படுத்திப் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் அதற்குப் பிறகுதான்.

அண்ணி ஞானாம்பிகை பெண்களோடு வந்து சுவரடி மரவாங்கில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் கொள்ளி கஜானனுடையது. அவன் கிட்டப் போனதும் மற்றப் பெண்கள் எழுந்து இடம் விட்டார்கள்.

"சட்டை அளவாய் இருந்ததோ?" என்றாள்.

"ஓம்."

அவன் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டான்.

"அண்ணி, அந்தக் காருக்கு நம்பர் பிளேட் கிடைக்காது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அவள் கண் துடைத்த லேஞ்சியை மடித்தாள். மடித்ததை விரித்து மறுபடி மடித்தாள்.

"தெரியும்."

"வீரென், இராஜநாயகத்தார் எல்லாரும் போனது?"

"அதுவும் தெரியும்."

"நான் சிவமலரைப் பொறுக்கச் சொல்லி ரெலிபோனிலை கதைக்கேக்கை நீங்கள் பக்கத்திலைதானே அண்ணி இருந்தனீங்கள்."

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீர் போயிருப்பீர்."

உள்ளேயிருந்து சாம்பிராணிப் புகை வந்தது. யாரோ தேவாரத்தை மெதுவாகத் தொடங்கி, அடி மறந்து, திரும்பத் தொடங்கினார்கள்.

"நீர் வீட்டிலை நிண்டாத்தான் இவர் கொஞ்சமாவது வாய் திறக்கிறவர்," என்றாள் ஞானாம்பிகை. குரலில் மன்னிப்புக் கேட்கிற சாயல் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல். "நீர் வேலைக்குப் போனா ரீவியைப் பாத்துக்கொண்டு இருப்பார். என்னோடை கதைக்கிறதுக்கு அவரிட்டை ஒண்டும் இல்லை. நீரும் போனா அந்த வீட்டுக்கை நான் என்னெண்டு இருக்கிறது? அதுதான் பேசாமல் இருந்தனான்."

கஜானன் புகை வந்த வாசலைப் பார்த்தான்.

"எனக்கும் சொன்னவர்," என்றாள் அவள். "பிள்ளையில்லாத ஆக்களுக்கு ரெண்டு சீற்றுக் காணும் எண்டவர். பொய்யெண்டு தெரியும். சொல்லேக்கை கேக்க நல்லாய் இருந்தது."

சவப்பெட்டியை மூடப்போவதாக வந்து கூப்பிட்டார்கள். கஜானன் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி, வேட்டி உடுத்து, சொன்ன இடத்தில் நின்று, சொன்னதைச் செய்தான். வாய்க்கரிசி போடும்போது அண்ணனின் உதட்டைப் பார்த்தான். எந்த நாள் எவரிடம் பேசிய வாய் என்று அதில் தெரியவில்லை. வீரென் கைகூப்பி நின்றான். இராஜநாயகம் மூன்று பருக்கை போடுவதற்குள் இரண்டு தடவை கண்ணைத் துடைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபோது, ஏதோ விளங்கத் தொடங்கியவர்கள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூடியில் திருகாணிகளை முறுக்கிய ஆள் வேலை முடிந்ததும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

பிணவண்டி பளபளவென்று துடைத்து நின்றது. சாரதி முன்கதவைத் திறந்து, வீட்டு ஆள் ஒருவர் தன் பக்கத்தில் ஏறலாம், மற்றவர்கள் பின்னால் வாருங்கள் என்றான். எல்லோரும் கஜானனைப் பார்த்து விலகி நின்றார்கள்.

"நீங்கள் ஏறுங்கோ," என்றான் கஜானன் இராஜநாயகத்திடம்.

"அதென்ன தம்பி. கொள்ளி வைக்கிறவர்தான் போகோணும்."

"நான் பஸ்ஸிலை வாறன்."

"உந்தக் கோலத்திலையோ?"

கஜானன் வேட்டிக்கு மேலே கோட்டை மாட்டிக்கொண்டு வாசலால் வெளியே போனான். பின்னால் அவன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். அண்ணியின் குரல் அதில் இல்லை.

பஸ்ஸில் கூட்டமில்லை. எதிர் இருக்கையில் கத்தரிக்காய்ப் பையை மடியில் வைத்திருந்த கிழவி அவன் வேட்டியையும் நெற்றித் திருநீற்றையும் பார்த்துச் சிரித்தாள். "மாப்பிள்ளையா?" என்றாள். அவன் தலையை அசைத்தான். ஓம் என்றும் எடுக்கலாம், இல்லையென்றும் எடுக்கலாம். கிழவி ஓம் என்று எடுத்துக்கொண்டு, கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்று வாழ்த்தினாள்.

பஸ் துறைமுகத்தைத் தாண்டிக் கடலோர வீதியில் திரும்பியது. மயானம் வருமுன்பே ஆட்கள் தெரிந்தார்கள். வண்டி வாசலில் நின்றது. பின்கதவு திறந்திருந்தது, பெட்டியை இன்னும் இறக்கவில்லை. இராஜநாயகம் வீதிக்கு நடுவரை வந்து மணிக்கூட்டைப் பார்த்தார். ஐயர் படிக்கட்டில் குந்தியிருந்தார். வீரென் ஒவ்வொரு வாகனமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், இந்த பஸ்ஸையும் பார்த்தான்.

இறங்குவதற்கான மணிப் பொத்தான் கஜானனின் தலைக்கு மேலே, கையெட்டும் தூரத்தில் இருந்தது. வேறு யாரும் அதை அழுத்தவில்லை. பஸ் தரிப்பிடத்தைக் கடந்து போனது.

அடுத்த தரிப்பில் இறங்கினான். வீதிக்கு மறுபக்கம் தாழ்ந்த கடற்சுவர். ஒருவன் கரையில் ஏற்றிய தோணிக்கு நீல வர்ணம் பூசிக்கொண்டிருந்தான். கஜானன் வந்த திசையில் சிறிது தூரம் நடந்தான். பிறகு சுவரில் உட்கார்ந்தான். சப்பாத்துகளில் புழுதி படிந்திருந்தது. குனிந்து, வேட்டித் தலைப்பால் ஒன்றைத் துடைத்தான். ஓரங்களையும் கயிற்றுத் துளைகளையும் அவசரமில்லாமல் துடைத்து முடித்து, காலை மாற்றிப் போட்டுக்கொண்டு மற்றதைத் துடைக்கத் தொடங்கினான்.