வாத்தியப் பந்தி

லீமாவின் அப்பா அடைக்கலம் மாஸ்டருக்கு உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகைதான்: ஊதுகிறவர்கள், ஊதாதவர்கள். டிரம் அடிக்கும் லூர்துசாமியைக்கூடப் போனால் போகிறதென்றுதான் முதல் வகையில் சேர்த்திருந்தார். கொடைக்கானல் மாதா கோயில் பேண்டு செட்டுக்கு அவர்தான் தலைவர், கிளாரினெட்டும் அவரேதான். அப்பேர்ப்பட்டவரின் மகள், போயும் போயும் ரெக்கார்டு போடுகிறவனை விரும்பித் தொலைத்தாள்.

மரியசெல்வத்துக்கு மைக்செட் தொழில். எண்பத்திரண்டாம் வருஷ சீசனில் ஏரிப் பக்கம் ஒரு ஓட்டலில் டான்ஸ் கிளப் திறந்து, சாயங்காலங்களில் ரெக்கார்டு போட அவனைக் கூப்பிட்டார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருவதற்குள் ஆடுகிறவர்கள் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழிப்பதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு பிளேயர் வைத்து, ஒன்று முடியுமுன்பே இன்னொன்றைத் தாளம் பிசகாமல் நுழைக்கப் பழகினான். டிரம் மட்டும் தனியாக அடிக்கிற இடம் வந்தால் கிளப்பே துள்ளும். அந்த இடத்தை முடியவே விடாமல் ஓட்டுவதற்காக ஒரே ரெக்கார்டில் இரண்டு வாங்கினான். பெங்களூர் கும்பல் ஒன்று அவனை டி.ஜே. என்று கூப்பிட்டுவிட்டுப் போனது. அன்றிலிருந்து ஆளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நானும் இசைக்கலைஞன்தான் என்று சொல்லித் திரிந்தான். பெண் கேட்கப் போன இடத்தில் மாஸ்டரிடமே சொன்னான், அதுதான் தப்பாய்ப் போயிற்று.

மாஸ்டர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்தார். வாசித்தவன் எவனோ, பாடினவன் எவனோ, நடுவில் தட்டைத் திருப்பிப் போடுகிறவனுக்கு என்ன பட்டம் என்று கேட்டார். ஒரே தட்டு ரெண்டு எதற்கு, ஒன்று உடைந்தால் அழுவதற்கா என்றும் கேட்டார். கடைசியில் லீமாவிடம் திரும்பி ஒரே போடாகப் போட்டார்.

"அசனத்துல என்னைக்கு இவன் வாத்தியப் பந்தியில உக்காந்து திங்கிறானோ, அன்னைக்குப் பொண்ணு தாரேன்."

அசனம் என்பது திருவிழா அன்று கோயிலில் ஊருக்கே போடும் சாப்பாடு. சப்பரம் ஊர் சுற்றித் திரும்பியதும் முதல் பந்தி வாசித்தவர்களுக்கு. ஈரல் வறுவல் அந்தப் பந்தியோடு தீர்ந்துவிடும். பந்தல்காரர், லைட்காரர், மைக்செட்காரர் எல்லாம் கடைசிப் பந்தி. அவர்கள் இலைக்கு வரும்போது குழம்பில் உருளைக்கிழங்கு மட்டும் மிதக்கும். முதல் பந்தியில் யார் உட்காரலாம் என்று சொல்கிறவர் மாஸ்டர். கதவைப் பூட்டிச் சாவியைத் தன் மடியிலேயே சொருகிக்கொண்டார் என்று அர்த்தம்.

இன்னொரு கொடுமையும் உண்டு. செல்வம் எத்தனை அழகாகப் போட்டாலும், "இன்னைக்குக் கரண்டு நல்லா வருது" என்பார். பாட்டு இழுத்தால், "கரண்டு டல்லு." புகழும் கரண்டுக்கே, திட்டும் கரண்டுக்கே. அவர் பேர் சொல்லித் திட்டுவது தன் செட்டுக்காரர்களை மட்டும்தான். லூர்துசாமி தாளத்தில் இம்மி முந்தினாலும் வீட்டுக்கு வரவழைத்து, பாயில் உட்கார வைத்து, சரியாகும்வரை விடமாட்டார்.

லீமாவுக்கே உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. அவன் மேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனால் ஊசியைத் தூக்கி வைப்பது சங்கீதமா என்று யாராவது பைபிளை நீட்டிக் கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது.

மறு வருஷம் திருவிழா வந்தது. மத்தியானம் சப்பரம் அட்டுவம்பட்டி கெபிக்கு, அதாவது அங்கே உள்ள மாதா குகைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. லீமா கோயில் முற்றத்தில் இலை துடைத்துக்கொண்டிருந்தாள். பந்தல் ஓரத்தில் செல்வம் தன் பிளேயர்களோடு உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டம் இறங்கியது. எதிரே நிற்கிற மரமே காணாமல் போயிற்று.

சரிவிலிருந்து அப்பாவின் கிளாரினெட் கேட்டது. டிரம்பெட்டும் கேட்டது, ஆனால் இரண்டும் பகையாளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தன. சப்பரம் தூக்குகிறவர்கள் யார் பேச்சைக் கேட்டுக் கால் வைப்பதென்று தெரியாமல், "ஏலே, சாயுது, சாயுது" என்று கத்தினார்கள். லீமா கையிலிருந்த இலைக்கட்டோடு பந்தல் ஓரத்துக்கு ஓடினாள்.

"லூர்து மாமா டிரம்மு கேக்கலைங்க" என்றாள் செல்வத்திடம். "வெரசா ஏதாச்சும் பண்ணுங்க."

அவன் இரண்டு தட்டுகளையும் எடுத்து வைத்தான். ஊசி இறங்கியதும் மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து டிரம் மட்டும் அதிர்ந்தது. கிளப் டிரம், மாதாவுக்கு முன்னால் குதிக்கிற வேகம். லீமா சிலுவை போட்டுக்கொண்டாள். அவன் பிளேயரின் வேகத் திருகைக் குறைத்தான். அது போதாமல் தட்டின் ஓரத்தில் விரலை வைத்து வேகத்தை இறக்கினான். ஒரு தட்டில் டிரம் தீருமுன் அடுத்த தட்டில் அதே இடம் எழுந்தது. கண்ணை மூடியிருந்தான். அவன் தட்டைக் கேட்கவில்லை, பனிக்குள்ளிருந்து வருகிற அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தான். மேட்டில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியபோது டிரம்மும் மெதுவானது. அவர் தெம்பு வந்து எடுத்தபோது அதுவும் கூடவே எழுந்தது. டிரம்பெட்காரர்கள் அடங்கி வழிக்கு வந்தார்கள். கத்தல் நின்று கால்கள் ஒன்றாக விழுந்தன. இது சங்கீதம் இல்லையென்றால் அப்பா ஊதுவதும் இல்லை என்று லீமாவுக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது, கையிலிருந்த இலைக்கட்டை முழுக்கத் தரையில் போட்டுவிட்டாள்.

வளைவைத் தாண்டி அப்பாவின் தலைப்பாகை தெரிந்ததும் செல்வத்தின் விரல் தட்டின் ஓரத்திலிருந்து நழுவிவிட்டது. டிரம் ஒரு துளி முந்தியது. சட்டென்று பிடித்துக்கொண்டான். சப்பரம் பத்திரமாக வந்து இறங்கியது.

லூர்துசாமி குறுக்குப் பாதையில் முன்னாலேயே வந்து வாசலில் நின்று அடிக்கிறான் என்று மாஸ்டர் நினைத்திருந்தார். சாமியார், ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் கிளாரினெட்டைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார்: "எங்கலே லூர்து? இருவது வருசத்துல இன்னைக்குத்தான் அவனுக்குக் கை வந்திருக்கு."

எல்லாரும் பந்தல் ஓரத்தில் இருந்த செல்வத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் லூர்துசாமி முதுகில் டிரம்மும் கையில் பாதி வடையுமாகப் பனிக்குள்ளிருந்து வந்து சேர்ந்தார். வார் இறுக்க நின்றாராம், வழி தப்பி டீக்கடையில் போய் முட்டினாராம். முதலில் சாமியார்தான் சிரித்தார். அப்புறம் முற்றமே சிரித்தது. மாஸ்டர் மட்டும் மரத்துக் குழாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

வாத்தியப் பந்தி உட்கார்ந்தது. லீமா ஈரல் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். செல்வம் பந்தலோரத்தில் வயர் சுற்றுவதுபோலப் பாவலா செய்துகொண்டிருந்தான், சுற்றிய வயரையே திரும்பச் சுற்றினான். மாஸ்டர் இலையில் தண்ணீர் தெளித்தார். லூர்துசாமியைத் தள்ளி உட்காரச் சொன்னார். பிறகு தலை நிமிராமலே கூப்பிட்டார்.

"செல்வம், அங்க என்ன சோலி? வந்து உக்காரு."

அவன் வந்து உட்கார்ந்தான். லீமா கரண்டி நிறைய ஈரலை அள்ளினாள்.

"அந்தக் கடைசி வளைவுல முந்திட்டே" என்றார் மாஸ்டர். "நாளைக்கு வெள்ளனே வீட்டுக்கு வா, சரி பண்ணணும்."

செல்வம் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கரண்டு கொஞ்சம் கூடிப்போச்சு மாஸ்டர்."

"கரண்டு மேல பழியப் போடாதலே. கை ஒன்னோடது."

லீமா வாளியிலிருந்த ஈரல் பூராவையும் அவன் இலையில் கொட்டிவிட்டாள். அந்த வருஷம் வாத்தியக்காரர்களும் உருளைக்கிழங்குதான் சாப்பிட்டார்கள்.