இடக்கை நகம்

கிட்ட வந்து இருங்கோ, பிள்ளையள். குருநகரில் ஒரு கையின் கதை இருக்கிறது. அதைச் சொல்லித்தான் உங்களை வீட்டுக்கு அனுப்புவேன்.

றெஜினா மாமி நகவெட்டியோடு சவப்பெட்டியருகே குனிந்தார். அண்ணன் சூசைதாசனை அழுக்கு நகத்தோடு ஆண்டவரிடம் விட அவருக்கு மனமில்லை. முதல்நாள் காலை, கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த மனிசன் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார், எழும்பவில்லை. மகள் நிரோஜினிக்கு அழுகை வரவில்லை. அப்பா தன்னோடு கோபமாகவே போய்விட்டாரோ என்ற ஒன்றே உள்ளே கிடந்து அரித்தது.

அவள் கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிப்பவள். இறந்துபோன தாயின் ஆண்டுத் திருப்பலிக்கு ஒரு பாட்டாவது தானே வாசிக்க வேண்டும் என்று தகப்பன் கேட்டார். அவளும் சொல்லிக்கொடுத்தாள். பெருவிரல் கிற்றாரின் கழுத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும், மணிக்கட்டு மடங்கக்கூடாது, விரல்கள் வளைந்து நுனி மட்டும் தந்தியில் பட வேண்டும். அதற்கு இடக்கை நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். மீட்டுகிற வலக்கையில் நகம் இருக்கலாம். அவரோ நங்கூரக்கயிறு போல இறுக்கிப் பிடித்தார். நகமும் வெட்டமாட்டாராம். வலைமுடிச்சு அவிழ்க்க நகம் வேணுமாம்.

ஒருநாள் குழுப் பிள்ளைகளுக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள்:

“அப்பா, உது சுறா இல்லை. கொஞ்சம் மூச்சுவிட விடுங்கோ.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கிற்றாரைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனவர், பிறகு அவள் கண்முன் அதைத் தொடவேயில்லை.

“இதிலை வெட்ட ஒண்டுமில்லை,” என்றார் மாமி இடக்கையைத் தூக்கி. “ஒரு கையை ஒட்ட வெட்டிப்போட்டு மற்றதை வளர விட்டிருக்கிறார். அண்ணைக்கு விசர்.”

நிரோஜினி அந்தக் கையை வாங்கினாள். விரல் மடிப்புகளில் கயிறு இழுத்துக் காய்த்த தழும்புகள், சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரிந்தவை. நுனிகளில் இருந்த தடிப்பு புதிது. தந்தியின் கோடு இன்னும் அழியவில்லை.

“வலைமுடிச்சை எதாலை அவிழ்த்தவர், மாமி?”

“பல்லாலை. ஏனெண்டு கேட்டால் சிரிப்பார்.”

மாமி வலக்கைக்கு நகவெட்டியைக் கொண்டுபோனார்.

“அதை விடுங்கோ மாமி. இருக்கட்டும்.”

செபமாலை சுற்றுவதற்காக மாமி இடக்கை விரல்களை நிமிர்த்தப் பார்த்தார். அவை வளைந்தே நின்றன. நிரோஜினி மாலையை வாங்கி, அந்த வளைவுக்குள் இறுக்காமல் வைத்தாள். பெருவிரலை மெல்லப் பின்னால் நகர்த்திவிட்டாள்.

போயிட்டு வாங்கோ, பிள்ளையள். உங்கள் வீட்டில் சிரித்துவிட்டு வெளியே போன எல்லாரும் பொழுதுபட முன்னம் வாசல் மிதிக்கட்டும்.