புத்தகத்தில் ஒரு டேமேஜ்

என் மகள் விஜயகுமாரியின் வாயை நான் அன்றைக்குத் தைத்தே போட்டிருப்பேன். கேமராவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்ததால் பிழைத்தாள்.

பெங்களூரில் இயற்பியல் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. எங்கள் ஊர் மண்ணரையில், லைன் வீட்டிலேயே, லேப்டாப்பில் நடந்தது. இடம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி ஆபீசில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். மேனேஜர் ரத்தினசாமி நாற்காலியைக் காலியாக வைத்துக் காத்திருந்தார். அவளுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. எனக்கும்தான். அரைநாள் லீவு போட்டுவிட்டு, கேமராவில் படாமல் அடுப்போரம் உட்கார்ந்திருந்தேன். மூச்சு விடக் கூடாதென்று உத்தரவு.

திரையில் மூன்று புரொபசர்கள். அரைமணி நேரம் கேள்வி மேல் கேள்வி. இவள் பட்பட்டென்று பதில் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் இருபத்திரண்டு வருடம் செக்கிங் டேபிளில் நின்றவளுக்கு, ஓகே எது, ரிஜெக்ட் எது என்று ஆள் முகத்தைப் பார்த்தாலே தெரியும். எல்லாம் ஓகேதான். அப்புறம்தான் கெடுத்தாள். குவாண்டம் பற்றி ஏதோ கேட்டார்கள். இவள், 'எனக்குப் புரியவில்லை' என்று இங்கிலீஷில் சொன்னாள். அந்த ஒன்று மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது. அடிப்பாவி, புரிந்த மாதிரி நடித்தாவது தொலைக்கக் கூடாதா என்று மனசுக்குள் திட்டினேன்.

மூவரில் ஒருவர் தமிழர், நரைத்த தாடிக்காரர். எந்த இடம் புரியவில்லை, புத்தகத்தைக் காட்டு என்றார். அவள் பக்கத்தை விரித்துக் காட்டினாள். அதில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்ட நாங்கள் ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. டேமேஜைச் சரிசெய்ததும் உரித்துவிடுவோம். நான் கொண்டுவந்து போட்ட மிச்ச ஸ்டிக்கர் தாள்களை எடுத்துப் புத்தகம் பூராவும் ஒட்டியிருக்கிறாள். புரியப் புரிய உரித்திருக்கிறாள். இந்த ஒன்றுதான் பாக்கி.

அந்தப் பக்கத்தின் சமாச்சாரம் எனக்கும் தெரியும். சோறு தின்னும்போதெல்லாம் அதே புலம்பல்தான். ஒரு துகள் இங்கே இருக்கலாம், அங்கே இருக்கலாம் என்று வாய்ப்பை மட்டும்தான் கணக்கு சொல்லுமாம். பார்த்தால் ஓரிடத்தில் இருக்குமாம். பார்த்ததும் ஏன் அப்படி ஆகிறது, எதைப் 'பார்ப்பது' என்கிறோம் என்று புத்தகம் வாயே திறக்காதாம். பார்க்காவிட்டாலும் ஓட்டை ஓட்டைதானே, நாம் பார்ப்பதாலா ஓட்டை விழும் என்று கேட்டேன். பெரிய பெரிய விஞ்ஞானிகளே நூறு வருடமாக அதைத்தான் கேட்கிறார்கள் என்று சிரித்தாள்.

ஸ்டிக்கர் என்னவென்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட தாடிக்காரர் தமிழிலேயே கேட்டார். "அப்போ இந்தப் பாடத்தை ரிஜெக்ட் பண்றியாம்மா?"

"இல்லீங்க சார். நூறு வருசமா எந்தச் சோதனையிலயும் இது தப்பா வந்ததில்லீங்க. இந்த லேப்டாப் ஓடறதே இந்தக் கணக்கை வெச்சுத்தானுங்க. பாஸ் பண்ணித்தான் ஆகோணும். ஆனா ஸ்டிக்கரை உரிக்க மாட்டேனுங்க."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

தாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருடமாக அந்தப் பக்கத்தை நடத்துகிறாராம். எந்தப் பிள்ளையாவது கையைத் தூக்குவதற்குள் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுவாராம். அவருக்கும் அது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறதாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள், கொஞ்சம் அசடு வழிய.

வெள்ளிக்கிழமை இடம் கிடைத்த கடிதம் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சனிக்கிழமை காலையில் நேராக மேனேஜர் மேசைக்குப் போய், பிள்ளை வேலைக்கு வரமாட்டாள், பெங்களூருக்குப் போகிறாள் என்றேன். அப்படி என்ன படிப்பு என்று கேட்டார்.

"பெரிய பெரிய வாத்தியாருங்களுக்கே புரியாத படிப்புங்க."

"புரியாததைப் படிக்கவா அத்தனை தூரம் போறா?"

"பின்னென்னங்க, புரிஞ்சதைப் படிக்கறதுக்கா பெங்களூர் போவாங்க?" என்று சொல்லிவிட்டு என் டேபிளுக்கு நடந்தேன்.