ஒரு நாள் வேலை

ஒடுவோலைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். கிசுமு நகரத்தில் கணக்கு வாத்தியார். விடியற்காலை ஐந்துக்கு எழுந்து, அன்றைய வேலைகளை நோட்டில் வரிசையாக எழுதி, முடித்ததை ஒவ்வொன்றாக அடிக்கிற மனிதர். நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று சக வாத்தியார்களுக்குக் கூட்டம் போட்டே சொல்லிக்கொடுத்தவர். ஆனால் அந்த நோட்டில் ஒரு வரி மட்டும் மூன்று வருஷமாக அடிபடாமல் பக்கம் பக்கமாகக் குடிமாறிக்கொண்டிருந்தது: 'ஊரில் வீடு.'

அவர் பாடு மட்டும் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? லுவோ இனத்து வழக்கப்படி மூத்தவன் வீடு எழுப்பாமல் இளையவன் எழுப்பக் கூடாது. தம்பி அபுயா, கல்யாணத்துக்கு முன் படுத்துக்கிடந்த ஒற்றை அறைக் குடிசையிலேயே பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வயிற்றில். செங்கல்கூட அறுத்து அடுக்கிவிட்டான். அதன்மேல் புல் முளைத்துவிட்டது.

இத்தனைக்கும் மாளிகை ஒன்றும் வேண்டியதில்லை. நாலு கம்பு, கொஞ்சம் தகரம், ஒரே நாள் வேலை. அன்று இரவு மூத்தவன் அதில் படுத்து எழுந்தால் தம்பிக்கு வழி விட்டாயிற்று. வாத்தியாருக்கோ செய்வதை உருப்படியாகச் செய்ய வேண்டுமாம்! வரைபடம் போட்டார், ஜன்னலை மாற்றினார், மறுபடியும் போட்டார்.

ஏப்ரல் விடுமுறைக்கு அவர் வந்தபோது, தம்பி மனைவி அக்கேயோ ஒழுகும் கூரைக்குக் கீழே சட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வாத்தியாரே, இந்தத் தடவ வீடா, படமா?"

"ஆகஸ்ட்ல ஆரம்பிச்சிடலாம்மா. திட்டம் பக்காவா இருக்கு."

"அப்ப அந்தப் படத்தக் குடுங்க, கூரைல செருகிக்கறேன்."

அபுயா சிரிக்கவில்லை. "அண்ணே, ஒரு தகரக் கொட்டகை போட்டு ஒரே ஒரு ராத்திரி படு. உன் கால்ல வேணா விழறேன்."

"மூத்தவன் வீடு தகரத்துலயாடா? ஊரு சிரிக்கும்."

"ஊரு இப்பவே சிரிக்குது."

அது சுருக்கென்று தைத்தது. கிசுமு திரும்பியதும் அந்த வரியை நோட்டில் முதலிடத்துக்கு ஏற்றி, சிவப்பு மையில் எழுதினார். ஆகஸ்டில் பரீட்சைத் தாள் குறுக்கே வந்தது. குழந்தையும் பிறந்தது. ஈரத்தில் கிடந்து அதற்குச் சளி நெஞ்சில் கட்டிவிட்டது என்று சேதி வந்தது. அடுத்த சனிக்கிழமையே வண்டி பிடித்து, கம்பும் தகரமும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு ஓடினார்.

குடிசை வாசலில் ஒரு லாரி நின்றது. மெத்தை, கோழிக்கூண்டு எல்லாம் ஏற்றிவிட்டு அபுயா கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அக்கேயோ குழந்தையோடு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கடா கிளம்பிட்டீங்க?"

"மாமனார் ஊருக்கு. இடம் தரேன்னாரு."

தகப்பன் மண்ணை விட்டுப் பெண்டாட்டி ஊரில் குடியேறுகிறவனை அங்கே ஒருத்தரும் ஆம்பிளையாக மதிக்க மாட்டார்கள்.

"டேய், தகரம் கொண்டாந்துட்டேன்டா! இன்னிக்கே போட்டுடறேன், இன்னிக்கே படுத்துடறேன்!"

"நிதானமாவே கட்டு அண்ணே. இனி உனக்காக இங்க யாரும் காத்துக்கிட்டு இல்ல."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்தான், லாரி போய்விட்டது. ஒடுவோலுக்கு அழுகை முட்டியது. கூடவே நெஞ்சில் ஏதோ லேசானது போலவும் இருந்தது. இனி அவசரமில்லை. அப்படித் தோன்றியதே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"சார், சாமானை எங்க எறக்க?" என்றான் வண்டிக்காரன்.

"அப்படி ஓரமாப் போடுப்பா" என்றார். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்."