மகிமா ஸ்டேஷனுக்குப் போனாள்

1

எரிச்சலில் பிறந்த கதை இது. பக்கத்து வீட்டு மகிமா கல்லூரியில் குற்றவியல் படித்தாள். அதற்கு என்ன வேலை கிடைக்கும் என்று விம்கோ நகரில் எங்கள் தெருவே அவளைக் கேட்டது. போலீஸ், சிறைத்துறை, நன்னடத்தை அலுவலர் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போனாள்.

2

‘எண்ணூர்ப் புகை கவிந்த ஒரு மாலையில்…’

[அடித்துவிட்டேன். வடசென்னை என்றாலே எழுதுகிறவனுக்குப் புகை வேண்டியிருக்கிறது.]

நடந்தது இதுதான். மைதானத்தில் இரண்டு கால்பந்து அணிகளுக்குள் அடிதடி. மறுநாள் காலை மகிமாவின் அண்ணன் பிரகாஷை போலீஸ் அழைத்துப் போனது. தேடப்பட்டவன் பெயரும் பிரகாஷ். இவன் அடிதடி நடந்த நேரத்தில் துறைமுகத்தில் வேலையில் இருந்தான்.

மகிமா எஸ்.ஐ. ஆக விரும்பியவள். தேர்வானால் அவளைப் பற்றிய நன்னடத்தை விசாரணை அதே ஸ்டேஷனுக்குத்தான் வரும். அம்மா வேம்பு கதவை மறித்தாள்.

“நீ போவாத. உன் வேலைக்கு நீயே ஆப்பு வெச்சிக்காத.”

மகிமா போனாள். துணைக்கு நானும் போனேன்.

3

ஸ்டேஷன் ரைட்டர் (அங்கேயும் ஒரு ரைட்டர், அவர் எழுதினால் நடக்கும்) அவள் படிப்பை விசாரித்துவிட்டு, போலீஸுக்கு வரப்போகிற பெண் இதைப் பெரிதாக்கலாமா என்றார்.

இந்த இடத்தில் அவளுக்குச் சட்டப் பிரிவு எண்ணோடு நீண்ட வசனம் எழுதினேன். படித்துக் காட்டியதும் முறைத்தாள்.

“நான் எங்க இப்டி பேசினேன்? ஒரு செக்‌ஷன் நம்பர்கூட ஞாபகம் வரல.”

உண்மையில் சொன்னது இவ்வளவுதான்: “எதுக்கு கூட்டினு வந்தீங்கன்னு சொல்லுங்க சார். தெரிஞ்சிக்காம போ மாட்டேன்.”

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் துறைமுகத்துக்குப் போன் செய்து கேட்டார்கள். சாயங்காலம் அண்ணனை விட்டார்கள். படியிறங்கும்போது ரைட்டர் சாந்தமாகச் சொன்னார்: “உன் பேரு ஞாபகம் இருக்கும்மா.”

4

மகிமா தேர்வில் வென்றுவிட்டாள். இந்த வாரம் விசாரணை வந்திருக்கிறது. அதே ஸ்டேஷன், அதே ரைட்டர்.

முடிவு அ: அவர் நல்லவிதமாக எழுதி அனுப்புகிறார். [நானே நம்பவில்லை.]

முடிவு ஆ: ‘அண்ணன் விசாரிக்கப்பட்டவர்’ என்று ஒரு வரி சேர்க்கிறார். அவள் வழக்கு போட்டு…

வேண்டாம். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால், அன்று அவள் போயிருக்கக் கூடாது என்று மட்டும் முடிக்காதீர்கள். அதை எங்கள் தெரு ஏற்கெனவே சொல்லிவிட்டது.