புழுப்பல்

ஏழு மாத வயிற்றைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் சாய்த்துக்கொண்டு பைக்கில் சவாரி அடிக்கிற பெண்ணை நீங்கள் பார்த்ததில்லை என்றால் போன வருஷம் எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்க வேண்டும். பெயர் ஜோவியா. அது நான்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவசரம் என்றால் அவர்களும் என் பின்னால்தான் வந்து உட்காருகிறார்கள்.

நான் இந்த மண்ணுக்காரி. பக்கத்துக் குடியிருப்பில் இருப்பவர்கள் அகதிகள். காங்கோ, ருவாண்டா, புருண்டி என்று மூன்று பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களை ஏற்றி இறக்கி, கூலிக்காக ஒவ்வொருவருடனும் சண்டை போட்டுப் போட்டே அவர்கள் பாஷையெல்லாம் எனக்கு வந்துவிட்டது. ஒரு பாஷையில் நன்றாகத் திட்ட வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

அதனால்தான் வியாழக்கிழமைகளில் சுகாதார நிலையத்தில் லாமுனு என்னைப் பிடித்துவைத்துக்கொள்கிறார். லாமுனு பல் பார்க்கிற பெண், எங்கள் நாட்டின் வடக்குப் பக்கத்துக்காரர். இங்கிலீஷும் அவர் ஊர்ப் பேச்சும் தவிர ஒன்றும் தெரியாது. கர்ப்பிணிகளுக்கு அவர் ஒரு தடவை சொல்வதை நான் மூன்று தடவை சொல்ல வேண்டும். அப்போது நானும் கர்ப்பிணி என்பதால் அது எனக்கும் சேர்த்துத்தான். ஈறில் ரத்தம் வந்தால் பயந்துபோய்ப் பல் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். வாந்தி எடுத்தால் வாயைக் கொப்பளியுங்கள். பல்வலி வந்தால் பிள்ளை பிறக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், வந்து காட்டுங்கள். இதற்கெல்லாம் பெண்கள் தலையாட்டுவார்கள். கடைசியில் ஒன்று சொல்வார் பாருங்கள், அப்போதுதான் மூன்று பாஷைக்காரர்களும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்குவார்கள்.

"குழந்தையின் ஈறில் வெள்ளையாகப் புடைத்துத் தெரிவது புழு இல்லை. அது வரப்போகிற பல்."

குழாயடியில் ஒருத்தி பேசுவது பக்கத்தில் நிற்பவளுக்குப் புரியாது. குடத்துக்கும் வரிசைக்கும் தினம் அடிதடி. ஆனால் இந்தப் புழுப்பல் விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி, எங்கள் ஊர்க்காரர்களும் சேர்த்துத்தான். எல்லாப் பாஷையிலும் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பிள்ளைக்குப் பேதியா, காய்ச்சலா, ஈறுக்குள் புழு வந்துவிட்டது. கோரைப்பல் வர வேண்டிய இடத்தில் தோண்டி அதை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பிள்ளை தங்காது. எடுப்பதற்கென்றே எங்கள் ஊர் கஹங்கிரே இருக்கிறார். சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பியைத் தீட்டி வைத்திருப்பார். தோண்டி எடுத்த வெள்ளைத் துணுக்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். பார்த்தவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்கள். அவரிடம் போய்விட்டு வந்த சில பிள்ளைகளுக்கு ரத்தம் நிற்கவே இல்லை என்பதும் ஊருக்குத் தெரியும். புழு ரொம்ப ஆழமாகப் போய்விட்டது என்று சொல்லிக்கொள்வார்கள்.

அந்த வியாழக்கிழமை நான் மூன்றாவது பாஷையில் முழங்கிக்கொண்டிருந்தபோது மப்பெண்டோ செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்தாள். காங்கோக்காரி. அவளுடைய ஷுக்குருவுக்கு அப்போது ஐந்து மாதம்.

"அக்கா, வண்டிய எடுங்க! புள்ளைய அந்த ஆளு தூக்கிட்டுப் போயிட்டாரு!"

"எந்த ஆளுடி?"

"எம் புருசன்தான்! தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள காணோம். கஹங்கிரே வீட்டுப் பக்கமா போறதப் பார்த்தாங்களாம்!"

நான் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தேன். லாமுனு இங்கிலீஷில் என்னவோ கேட்டார். "புழு இல்லை, பல்!" என்று அவர் வசனத்தையே அவரிடம் கத்திவிட்டு வண்டியை உதைத்தேன்.

அப்படி ஓட்டியது என் ஆயுளில் அந்த ஒரு நாள்தான். மழை பெய்து விட்டிருந்தது. செம்மண் ரோடு வழுக்கியது. மப்பெண்டோ என் இடுப்பைப் பிடிக்க இடம் இல்லாமல் தோளைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்று காதுக்குள் கத்தினாள். பாலத்தைத் தாண்டினால், ரோடு முழுக்க மாடுகள்! எங்கள் ஊர் மாடுகளின் கொம்பு ஒவ்வொன்றும் ஆள் கை நீளம். மேய்க்கிறவன் மரியாதையாக ஓரம் நின்று சிரிக்கிறான்.

"ஏய், மாட்ட ஒதுக்குடா!"

"அதுங்க ஒதுங்கும்போது ஒதுங்கும் அக்கா!"

ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி கொம்புகளுக்கு நடுவே நுழைந்தேன். ஒரு கொம்பு என் ஹெல்மெட்டில் டொக்கென்று தட்டியது. வயிற்றுக்குள் இருந்தது வெளியே வந்து தானே ஓட்டுகிறேன் என்பதுபோல் உதைத்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷமாகவும் இருந்தது.

கஹங்கிரே வாசலில் பிள்ளையும் கையுமாகப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் முக்காலியில் மப்பெண்டோவின் புருஷன் பிசிம்வா உட்கார்ந்திருந்தான். மடியில் ஷுக்குரு மல்லாந்து கிடந்தான். அப்பனே பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்து வைத்திருந்தான். கஹங்கிரே இடது கட்டைவிரலால் ஈறை அழுத்திக்கொண்டு, வலது கையில் இருந்த கம்பியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் பிரேக்கைத் தொடவே இல்லை. ஹாரனோடு வாசலுக்குள்ளேயே விட்டேன். கோழிகள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் சிதறினார்கள். கஹங்கிரே கம்பியோடு பின்னால் துள்ளினார். வண்டி நிற்பதற்குள் மப்பெண்டோ குதித்துப் போய்ப் பிள்ளையின் மேல் கவிழ்ந்துகொண்டாள்.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு இது என்னடி ஆட்டம்? வெளிய போ!" என்று கஹங்கிரே எங்கள் பாஷையில் கத்தினார்.

பிசிம்வாவுக்கு அது புரியாது. அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஈறைத் தொட்டுக் காட்டியிருப்பான், இவர் தலையாட்டியிருப்பார், அவ்வளவுதான். "என்னக்கா சொல்றாரு?" என்று கேட்டான்.

"புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாரு."

"பொய்!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. புருண்டிக்காரி கரிதாஸ். அவளுக்கும் எல்லாப் பாஷையும் வரும் என்பதை நான் மறந்தே போனேன். "உன்ன வெளிய போகச் சொல்றாரு. நல்லா மொழிபெயர்க்கிறம்மா நீ!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் பிசிம்வா சிரிக்கவில்லை.

"அக்கா, நாலஞ்சு நாளா தண்ணியாப் போகுது. கண்ணப் பாருங்க, உள்ள போயிருச்சு. மூத்தவன இப்படித்தான் வர்ற வழியில பொதச்சோம். அப்பவே புழுவ எடுத்திருந்தா பொழச்சிருப்பான்னு எங்க ஆளுங்க எல்லாரும் சொன்னாங்க. எடுக்காம விட்டது நான்தான். இவனையும் விடச் சொல்றீங்களா?"

அவனைத் திட்ட மூன்று பாஷையிலும் தயாராக வந்திருந்தேன். வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன். மப்பெண்டோ பிள்ளையை விடாமல், "நான் மட்டும் அவனப் பெக்கலையா?" என்று அழுதாள். கஹங்கிரே கம்பியை மறுபடியும் துடைத்தார்.

அப்போதுதான் பார்த்தேன். பிசிம்வா பேசும்போது மேல்வரிசையில் இரண்டு பக்கமும் கோரைப்பல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. திரும்பிக் கரிதாஸைப் பார்த்தேன். இன்னும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் இரண்டு கோரைப்பல்லும் பளிச்சென்று தெரிந்தன.

"கரிதாஸ்! சின்னப் புள்ளையில உனக்குப் புழுப்பல் எடுக்கலையா?"

"இல்ல. நான் பொறந்தப்ப ஊர்ல சண்ட. எடுக்கிறவன் முதல் ஆளா ஓடிட்டான்."

"பேதி வந்துச்சா?"

"யாருக்குத்தான் வரல?"

"செத்தியா?"

வரிசையே வெடித்துச் சிரித்தது. "பாதி செத்த மாதிரிதான் இருக்கா!" என்று ஒருத்தி சொன்னாள். கரிதாஸும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பாதியில் நின்றுவிட்டாள். நாக்கால் தன் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். முதுகில் கட்டியிருந்த பிள்ளையைக் கையால் தடவினாள். பிறகு நேராக என் வண்டிக்கு வந்து, பக்கக் கண்ணாடியைத் திருப்பி, வாயை அகலத் திறந்தாள்.

அவ்வளவுதான், எல்லோருக்கும் அவரவர் வாயைப் பார்க்க வேண்டும். கண்ணாடியைச் சுற்றித் தள்ளுமுள்ளு. "எனக்கு ரெண்டும் இருக்கு!" "எனக்கு ஒண்ணுதான்!" "உனக்கு எடுத்தாங்களா?" "தெரியாதே!" "நீ உசிரோட இருக்கியே!" எந்தப் பாஷையில் யார் கத்துகிறார்கள் என்றே தெரியவில்லை. நான் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டேன். யாருக்கும் தேவைப்படவில்லை. வாயைத் திறந்து காட்டினால் போதும்.

பிசிம்வா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கண்ணாடியில் பார்த்தான். விரலை விட்டு அந்தக் காலி இடத்தைத் தொட்டான்.

"நான் பொறந்ததே இப்படித்தான்னு நெனச்சேன்" என்றான்.

"அவன் பொழச்சதே அதனாலதான்னு சொல்லு!" என்றார் கஹங்கிரே. இந்த முறை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொன்னேன். கரிதாஸ் பக்கத்திலேயே நிற்கிறாளே!

பிசிம்வா அவள் வாயைப் பார்த்தான். பிள்ளையின் ஈறைப் பார்த்தான். "அப்ப இந்தம்மா எதனால பொழச்சாங்க? கேளுங்கக்கா."

கேட்டேன். "அது அவ அதிர்ஷ்டம்" என்றார் கஹங்கிரே.

அதையும் அப்படியே சொன்னேன். பிசிம்வா முக்காலிக்குத் திரும்பிப் போகவில்லை. "புழு இல்லேன்னா பேதி எப்படி நிக்கும்? சொல்லுங்க. ஒண்ணுமே செய்யாம நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

"ஒண்ணும் செய்யாம இருக்கச் சொன்னது யாரு? ஒடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் வெளிய போகுது. வாயில ஓட்ட போட்டா அது திரும்பி வருமா? ஏறு வண்டியில!"

முன்னால் நானும் என் வயிறும், பின்னால் பிசிம்வா, அவனுக்குப் பின்னால் மப்பெண்டோ, இரண்டு பேருக்கும் நடுவில் ஷுக்குரு. "இருங்க, நானும் வர்றேன்!" என்று கரிதாஸ் பிள்ளையோடு நடந்தே கிளம்பினாள். அவள் பின்னால் இன்னும் சிலர். மற்றவர்கள் வரிசையிலேயே நின்றார்கள். கஹங்கிரே, "திரும்பி வருவீங்க எல்லாரும்!" என்று கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது.

லாமுனு உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரைத்து ஸ்பூனைப் பிசிம்வா கையிலேயே கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் கொடுக்க வேண்டும். நடுநடுவே தாய்ப்பால். மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தார். "காலையிலிருந்து ஒன்றுக்குப் போனானா?" என்று கேட்டார். போகவில்லை. உடம்பில் தண்ணீர் தங்கினால்தான் போவான் என்றார், அதைச் சொன்னேன். ஆனால் அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஸ்பூன், ஸ்பூனாக. குடித்ததைக் கக்கினான். மறுபடியும் ஸ்பூன். பிசிம்வா என்னைப் பார்த்த பார்வையில், இவள் பேச்சைக் கேட்டு இவனையும் கொன்றுவிட்டேனோ என்பது அப்படியே எழுதியிருந்தது. எனக்கும் அதே பயம்தான். மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆனது. கரிதாஸ் தன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஸ்பூன்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று பிசிம்வா எழுந்து நின்றான். சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம்.

"பேஞ்சிட்டான்! அக்கா, எம் மேல பேஞ்சிட்டான்!"

பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்தான். மப்பெண்டோ அழுதுகொண்டே அவன் முதுகில் அடித்தாள். என்ன சொல்கிறான் என்று லாமுனு கேட்டார். "நீங்களே பாருங்க" என்று சட்டையைக் காட்டினேன். அந்தப் பெரிய படிப்பு படித்த பெண்ணும் கைதட்டிக்கொண்டு ஆடினார்.

கஹங்கிரே இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார். வரிசை கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். எனக்குப் பெண் பிறந்தாள். அவளுக்குப் பேதி வந்த அன்று என் சொந்தக்காரர்கள் எல்லோரும் வாசலில் வந்து நின்றபோது, பிசிம்வாவின் பயம் என்ன என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. நான் ஸ்பூனை எடுத்தேன்.

போன வாரம் குழாயடிப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். இப்போது ஒன்றரை வயதாகிவிட்ட ஷுக்குருவைத் தோளில் வைத்துக்கொண்டு பிசிம்வா வீடு வீடாக ஓடுகிறான். பிள்ளையின் உதட்டைத் தூக்கி, எதிரில் வருகிற எல்லோருக்கும் காட்டுகிறான். என்னைப் பார்த்ததும் ரோட்டுக்கே வந்துவிட்டான்.

"வந்திருச்சுக்கா! தொட்டுப் பாருங்க, வந்திருச்சு!"

வண்டியை நிறுத்தி விரலை விட்டேன். மேல் ஈறின் ஓரத்தில், கஹங்கிரே அன்று கட்டைவிரலால் அழுத்தியிருந்த அதே இடத்தில், கூராக ஒன்று தட்டுப்பட்டது. நன்றாகத் தெரியவேண்டும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். பயல் நறுக்கென்று கடித்துவிட்டான்.

நான் அலறிய அலறலில் குழாயடியே திரும்பிப் பார்த்தது. விரலில் ரத்தம். பிசிம்வா என் விரலைப் பிடித்து உயர்த்தி, கூடியிருந்த அத்தனை பேருக்கும் காட்டினான்.

"கடிச்சிட்டான்! பாருங்க, எம் புள்ள கடிச்சிட்டான்!"